தெளியட்டும் என்று காத்திருந்த மாமா: ஐபிஏ குடித்த அனுபவங்கள்

முக்கூடல்காரன்:

2019 டிசம்பர், பெங்களூரு இந்திராநகர். ஒரு கல்யாணத்துக்காக ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். நாற்பது வயது வரை பனை ஏறியவர். நான் அப்போது ஹேஸி ஐபிஏ தவிர வேறு எதையும் தொடாத காலம். ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ நிறையப் போட்ட வெளிர் பீர். ஹேஸி அதிலேயே கலங்கலான வகை. அதற்கு ஆறேழு வருடம் முன்னால் கசப்பு ஐபிஏதான் பீர் என்று சண்டை போட்டவன், ஹேஸி வந்ததும் அப்படியே கட்சி மாறிவிட்டேன். சரி, மாமாவுக்கும் அதையே காட்டுவோம் என்று ஆளுக்கொரு கிளாஸ் சொன்னேன்.

மாம்பழ ஜூஸ் நிறத்தில், கலங்கலாக வந்தது. மாமா தொடவில்லை. கல்யாண வீட்டுக் கதை பேசினார், மழை பற்றிப் பேசினார். பத்து நிமிடம் போயிற்று. “மாமா, குடிங்க, சில்லு போயிரும்” என்றேன்.

“இருக்கட்டும்டே. தெளியட்டும்.”

எனக்கு அந்த நேரத்தில் புரியவில்லை. பதநீர்க் கலயத்தை இறக்கினால் சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலாக இறுத்துக் கொடுப்பதுதானே அவருடைய ஆயுசு முழுக்கப் பழக்கம். இன்னும் பத்து நிமிடம் கழித்து கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “என்னடே, தெளியவே மாட்டேங்குது?”

“இது இப்படித்தான் மாமா” என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக அதைத்தான் குடிக்கிறேன், ஏன் கலங்கலாக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பதநீரைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார். நான் ஒரு வரி சொன்னேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

பாளை மார்க்கெட்:

மாமா சொன்னதுதான் சரி. கலங்கல் என்பது குறை. ஹேஸி வந்த பிறகு தப்பும் தவறுமாகக் காய்ச்சியதையெல்லாம் ‘ஸ்டைல்’ என்று விற்கிறார்கள்.

என் கதை சின்னது. 2012இல் ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் சான் டியேகோவில் இருந்தேன். வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏவின் தலைநகரம் அது. பளிங்கு போலத் தெளிவாக இருக்கும், பம்பளிமாஸ் தோலும் தேவதாரு மரமும் கலந்த வாசம் வரும், தொண்டையில் கசப்பு நிற்கும். அப்போதெல்லாம் ஐபியு எத்தனை என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்பு இறங்கியிருக்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்லும் எண். நூறு என்று போட்டிருந்தால் அதற்கொரு மரியாதை.

திரும்பும்போது இரண்டு பாட்டில் பெட்டியில் சுற்றி எடுத்து வந்தேன், அத்தானுக்கு என்று. அத்தான் அப்போது வெளியூரில். பாட்டில்கள் மூன்று வாரம் பாளையங்கோட்டை வீட்டு பீரோவில் இருந்தன, மே மாதத்தில். அத்தான் வந்ததும் பெருமையாகத் திறந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் குடித்தேன். நனைந்த அட்டைப்பெட்டி வாசம். “நல்லாத்தான் இருக்கு மாப்ளே” என்று முழு கிளாஸையும் குடித்தார். எனக்காகக் குடித்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். ஐபிஏ வாங்கினால் முதலில் நிரப்பிய தேதியைப் பாருங்கள். ஹாப்ஸ் வாசம்தான் முதலில் போகும், கசப்பு பிறகு மங்கும், ஆக்சிஜன் சேரச் சேர அட்டை வாசம் வரும். வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும். பச்சை பாட்டிலையும் வெள்ளை பாட்டிலையும் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது, ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து நாறும். பழுப்பு பாட்டில் பரவாயில்லை, டின் அதைவிட நல்லது. வாங்கிய அன்றே ஃப்ரிட்ஜில் வையுங்கள். டிசம்பரில்தானே என்று வெளியே வைக்காதீர்கள், நம்மூர் டிசம்பர் அந்த ஊர் கோடைக்குச் சமம். பரிசாகக் கொடுப்பதற்கு என்று எடுத்து வைக்கவே வைக்காதீர்கள். அதிரசம் போல வைத்துத் தின்கிற பண்டம் இல்லை இது, சுடச்சுட எடுக்கிற அல்வா போல.

தென்காசிச் சாரல்:

பாளை மார்க்கெட் அண்ணாச்சி, கலங்கலைக் குறை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் வெர்மான்டில் தி ஆல்கெமிஸ்ட் என்ற சின்ன பிரூவரி 2004 வாக்கில் தன் பப்பில் ஊற்ற ஆரம்பித்த ஹெடி டாப்பர் என்ற பீரில் இருந்துதான் இந்த வழி பெரிதானது. ஓட்ஸ், கோதுமையில் உள்ள புரதமும், காய்ச்சி முடித்த பிறகு அள்ளிப் போடுகிற ஹாப்ஸின் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் ஒட்டிக்கொண்டு மிதக்கும். ஈஸ்ட் மட்டும் என்றால் அடியில் தங்கியிருக்கும். முக்கூடல்காரரே, உங்கள் மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

இனி என் விஷயம். நானும் என் கணவரும் ஒரு பப்புக்குப் போயிருந்தோம். நான் கேட்டது வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ, அவர் கேட்டது பழம் போட்ட கோதுமை பீர். பரிமாறுகிற தம்பி இரண்டையும் கொண்டுவந்தார். ஐபிஏவை அவர் முன்னால் வைத்தார், பழ பீரை எனக்கு வைத்தார். நான் எதுவும் பேசாமல் கிளாஸை மாற்றி வைத்தேன். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, “மேடம், இது கசக்கும்” என்று சொல்லித் திரும்பவும் மாற்றி வைத்தார்! இரண்டாவது தடவை நான் மாற்றவில்லை, கணவர் மாற்றினார். அவர் மாற்றியதும் தம்பி சரி என்று போய்விட்டார். நான் மாற்றியபோது ஏன் போகவில்லை?

எங்கள் ஆச்சி வீட்டில் மாதம் ஒரு தடவை வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டை பிடித்து வாயில் போடுவார்கள். பாகற்காயைக் கசப்பு எடுக்காமல் பொரித்துத் தின்று வளர்ந்தவள் நான். இனிப்பு பெண்ணுக்கு, கசப்பு ஆணுக்கு என்று யார் பிரித்தது?

ஹேஸி வந்ததும் ‘இனி பெண்களும் ஐபிஏ குடிப்பார்கள்’ என்று பேசினார்கள். நான் அதற்கு முன்பே குடித்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் தடவை ஒரு பிரூவர் ஹாப்ஸ் உருண்டை நாலைக் கையில் கொடுத்து, தேய்த்து முகர்ந்து பாருங்கள் என்றார். தேய்த்தேன். வீட்டுப் பின்பக்கத்து நாரத்தை இலையைக் கசக்கிய வாசம். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

வண்ணாரப்பேட்டை:

தங்கச்சி சொன்னது நெஞ்சில் தைத்தது. ஆனால் எல்லோரும் அமெரிக்காவிலேயே ஆரம்பிக்கிறீர்களே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

இந்தியாவுக்கு அனுப்புவதற்காகவே கண்டுபிடித்தார்கள் என்று பெங்களூரில் ஒரு பப்பில் பக்கத்து மேசைக்காரர் அடித்துச் சொன்னார். கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. வெளிர் பீர் ஏற்கெனவே இருந்தது. கிழக்கு லண்டனில் ஹாட்ஜ்சனின் போ பிரூவரி, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் கேப்டன்களுக்கு நீண்ட கடன் கொடுத்தார்கள். அதனால் அவர்கள் பீர் கப்பல் ஏறியது. ஹாப்ஸ் நிறையப் போட்டால் கெடாது என்று அதற்கு முன்பே தெரியும். போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் வந்து இங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடித்தார்கள். இதை நான் சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்ச நேரம் முழுக்க எதிரெதிரே பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ஜெயித்தேன் என்று தோன்றவே இல்லை.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பிரூவரிகள், ஆல்சாப்பும் பாஸும், இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். அவர்கள் பீர் ஹாட்ஜ்சனை ஓரங்கட்டியது. முக்கியமான ஒரு காரணம் தண்ணீர். பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட், அதிகம். அந்த சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூராக, சுத்தமாக நிறுத்தும். இன்று உலகத்தில் எங்கே வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ காய்ச்சினாலும் பெரும்பாலும் தண்ணீரில் ஜிப்சம் கலக்கிறார்கள். ஹேஸி காய்ச்சுகிறவர்கள் சல்ஃபேட்டைக் குறைத்து குளோரைடைக் கூட்டுகிறார்கள், வாயில் வழவழப்பாக இருக்க. ருசி மாறினால் முதலில் தண்ணீரை மாற்றுகிறார்கள்.

தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அல்வா வராது என்று கேட்டே வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியப்பா அல்வா அடுப்பில் நின்றவர். சென்னையில் கடை போட்டு, அதே கோதுமை, அதே நெய், அதே கை, ஆனால் பதம் வரவில்லை என்று ஒரே வருடத்தில் திரும்பி வந்தார். இளையவர்கள் யாராவது காய்ச்சுகிற தொழிலுக்குப் போவதாக இருந்தால் ஹாப்ஸ் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

திசையன்விளை:

பதநீரையும் பீரையும் ஒன்றாகப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. பதநீரில் சுண்ணாம்பு இருக்கிறது, அதனால் புளிக்காது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவதுதான் கள். மாமா தெளியட்டும் என்றது பதநீர்க் கணக்கு. கள்ளை யாரும் தெளிய வைக்க மாட்டார்கள்.

1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முன் தாத்தாவின் பட்டையிலிருந்து ஒரு மடக்கு, அவ்வளவுதான். முப்பது வருடம் கழித்து பெங்களூரில் புளிப்பு பீர் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் கை நின்றுவிட்டது. தாத்தாவின் மேல்துண்டு வாசம் வந்தது. நண்பர்கள் என்ன ஆச்சு என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

ஊரில் வாலிபர்களுக்கு ஸ்ட்ராங் பீர்தான் தெரியும். போதை எத்தனை என்று கேட்பார்கள், ருசியைக் கேட்பதில்லை. கேட்கிற மாதிரி ஒன்றும் அவர்கள் கைக்குக் கிடைத்ததும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாளை மார்க்கெட்:

தென்காசித் தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன், எல்லாக் கலங்கலும் தப்பில்லை. ஆனால் பெங்களூரில் இப்போது பாருங்கள். பில்ஸ்னர் என்ற தெளிந்த வெளிர் பீரும் கசப்பு ஐபிஏவும் திரும்பக் கேட்கிறார்கள். 2017இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த புரூட் ஐபிஏ, சர்க்கரையே மிச்சமில்லாமல் வறட்டு ருசியாக இருக்கும், அது இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்தே போனது. முக்கூடல்காரரே, ஒன்று கேட்க வேண்டும். மாமா கடைசியில் அதைக் குடித்தாரா?

முக்கூடல்காரன்:

குடித்தார். நுரையெல்லாம் அடங்கின பிறகு, மெதுவாக, பேசிக்கொண்டே. கிளாஸின் அடியில் ஒரு விரல் அளவு விட்டுவிட்டார். மிச்சம் இருக்கிறதே மாமா என்றேன்.

“அது மண்டிடே” என்றார்.