குடியிருப்பு அனுமதிப் புதுப்பிப்பு: நாமே செய்வதா, முகவரிடம் ஒப்படைப்பதா?

சுக்கான் எழுதியது:

அயல்நாட்டில் வாழ்பவர்கள் தங்கள் குடியிருப்பு விசா தொடர்பான வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எனக்கு நேர்ந்ததிலிருந்து இந்த முடிவுக்கு வந்தேன். முதல் இரண்டு புதுப்பிப்புகளையும் ஒரு முகவரிடம் கொடுத்திருந்தேன். இரண்டாம் முறை, விண்ணப்பத்தில் தொடர்புக்கான மின்னஞ்சல் முகவரியாக அவர் தம்முடையதையே எழுதிவிட்டார். என் சம்பளச் சீட்டுகளில் ஒரு மாதத்துடையது இல்லை என்றும், அதை 14 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அவருடைய பெட்டியிலேயே கிடந்தது. அவர் அதைத் திறந்து பார்த்தது பதினெட்டாம் நாள். எனக்கு நேரடியாக வந்து சேர்ந்த முதல் கடிதம் நிராகரிப்புக் கடிதம்தான். மீண்டும் விண்ணப்பித்து அனுமதி பெற்றேன் என்றாலும், இடையில் ஏழு வாரங்கள் வேலைக்குப் போக உரிமையில்லாமல் வீட்டில் இருந்தேன்.

படிவத்தை யார் நிரப்பினாலும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுபவர் நாம். கனடாவில் பொய்யான தகவல் தந்ததாகவோ முக்கியமான ஒன்றை மறைத்ததாகவோ முடிவானால் ஐந்தாண்டுகளுக்கு நுழைவுத் தடை விழும். "முகவர் எழுதியது, எனக்குத் தெரியாது" என்ற விளக்கம் அங்கே பெரும்பாலும் எடுபடுவதில்லை. பிரிட்டனில் குடியிருப்பு அட்டைகளுக்குப் பதிலாக இப்போது மின்விசா, அதாவது இணையக் கணக்கில் காட்டும் அனுமதி, வந்துவிட்டது. பழைய அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 என்ற காலாவதி நாளைத் தாங்கியிருந்தன. மின்விசாவைத் திறக்கும் குறியீடு, கணக்கில் பதிந்த மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோதான் வரும். அந்தக் கணக்கை முகவர் தம் எண்ணில் தொடங்கியிருந்தால், வேலை தருபவரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ உங்கள் உரிமையை நீங்களே காட்ட முடியாத நிலை வந்துவிடும்.

ஆகவே, சாதாரணப் புதுப்பிப்புக்கு முகவர் தேவையில்லை என்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

அலைகரை எழுதியது:

சுக்கான் அவர்களே, அந்த ஏழு வாரங்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கவனக்குறைவான முகவரால் நீங்கள் பட்ட துன்பத்திலிருந்து, தொழில்முறை உதவியே வேண்டாம் என்ற முடிவுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனில் பதிவோ சட்டத் தகுதியோ இல்லாதவர் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாக வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கனடாவில் வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் போன்ற வரையறுக்கப்பட்ட சிலர்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்யலாம். ஒரு அரசு இத்தனை கட்டுப்பாடு விதித்திருக்கிறது என்றால், தவறான ஆலோசனை எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதைக் கண்ட பிறகுதான் விதித்திருக்கும். உங்கள் முகவர் அத்தகைய பதிவு பெற்றவரா என்பதை நீங்கள் சொல்லவில்லை.

நான் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது எல்லாவற்றையும் நானே செய்தேன். படிவத்தில் ஒரு பிழையும் இல்லை, ஆவணங்களில் ஒன்றும் விடுபடவில்லை. முடிவு வரும்வரை தங்குவதற்கான இடைக்கால விசாவான பிரிட்ஜிங் விசா ஏ எனக்குக் கிடைத்திருந்தது. என் தாயார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று செய்தி வந்த இரவே விமானம் ஏறினேன். பிரிட்ஜிங் விசா ஏ வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த விசா அத்தோடு முடிந்துவிடும். திரும்பி வர வேண்டுமானால் புறப்படுவதற்கு முன்பே பிரிட்ஜிங் விசா பி வாங்கியிருக்க வேண்டும். இது எனக்கு வந்த கடிதத்திலேயே இருந்தது, நான் அதைப் படித்தும் இருந்தேன். படித்தபோது எனக்குப் பயணத் திட்டம் எதுவும் இல்லாததால் அந்த வரி மனத்தில் தங்கவில்லை. திரும்பி வர நான்கு மாதங்கள் ஆயின. ஒரு வழக்கறிஞர் என் கோப்பைக் கையில் வைத்திருந்தால், "வெளியே போவதற்கு முன் என்னைக் கேளுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருப்பார்.

சுக்கான் எழுதியது:

உங்களுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன்: அந்த இரவில் வழக்கறிஞரை அழைத்துக் கேட்டிருப்பீர்களா? பெரும்பாலான முகவர்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் மாதங்களை நாம் தனியாகத்தான் கடக்கிறோம்.

முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது, அதை நாமே தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஜெர்மனியில் சட்டப்படி தங்கும் காலம் முடிவதற்குள் விண்ணப்பித்தவருக்குத் தற்காலிகச் சான்று ஒன்று தருகிறார்கள். அது குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவின்படி தரப்பட்டதென்றால் பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும், வெளியே போய் வரலாம். மூன்றாம் உட்பிரிவின்படி என்றால் தங்கலாமே தவிர, வெளியேறியபின் அதை வைத்துக்கொண்டு நுழைய முடியாது. தாளில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரிட்டனில் நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே பயணம் செய்தால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் காலாவதிக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு தாமதமானால் காலாவதிக்குப் பின் அதிகபட்சம் இரண்டு மாதங்கள் பழைய தகுதியிலேயே தங்கலாம். தன் கோப்பைத் தானே கட்டியவருக்கு இந்த நாட்கள் மனப்பாடமாக இருக்கும். பிறர் கட்டிய கோப்பை உடையவருக்கு அட்டையின் காலாவதித் தேதி மட்டுமே தெரிந்திருக்கும்.

தனித்தடம் எழுதியது:

இருவர் எழுதியதையும் படித்தேன். ஒரு விஷயத்தை இருவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். சுக்கான் அவர்கள் சொல்வதைச் செய்ய மூன்று வசதிகள் வேண்டும்: அந்த நாட்டு மொழியில் அரசுக் கடிதத்தைப் புரிந்துகொள்ளும் தேர்ச்சி, பகலில் அலுவலகத்துக்குப் போகக் கிடைக்கும் நேரம், கணினியும் ஸ்கேனரும். நான் வேலை செய்யும் கிடங்கில் இரவுப் பணியில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துத்தான் கடிதங்களைப் படிக்கிறார்கள். பேச்சு மொழியை நன்றாகப் பெயர்க்கும் செயலி, சட்ட மொழியில் "செய்யலாம்" என்பதையும் "செய்ய வேண்டும்" என்பதையும் ஒன்றாக்கிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வந்த கடிதம், மேல்முறையீட்டுக்கான கெடுவைக் குறிப்பிட்டிருந்தது. அவர் அதை அடுத்த சந்திப்புக்கான நாள் என்று எண்ணிக் காத்திருந்தார். அவரிடம் போய், "உங்கள் கோப்பு, உங்கள் பொறுப்பு" என்று எந்த மனத்தோடு சொல்வது? அவருக்கு உதவி செய்ய ஒருவர் வேண்டும். அந்த உதவிக்கு அவர் கூலி கொடுப்பதில் தவறில்லை.

பனைநிழல் எழுதியது:

நான் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். தாமே விண்ணப்பிப்பவர்களும் வழக்கறிஞர் அனுப்பியவர்களும் என்னிடம் வருகிறார்கள். கோப்புகள் சிக்கிக்கொள்வது சட்ட நுணுக்கத்தைவிடத் தாள்களின் வரிசையிலும் பெயரிலும்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

பிறப்புச் சான்றிதழுக்கு முதலில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது அயல்நாட்டில் காட்டுவதற்கான அரசுச் சான்று, வாங்க வேண்டும், பிறகுதான் மொழிபெயர்க்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் அப்போஸ்டில் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும். சில அலுவலகங்கள் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். அந்த முத்திரை, கையெழுத்திட்ட அதிகாரியின் கையொப்பம், பதவி, முத்திரை ஆகியவை உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது, சான்றிதழில் எழுதியிருப்பது சரி என்று சொல்வதில்லை. இது 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையால் வந்த முறை. இரு நாடுகளும் அதில் இருந்து, உடன்படிக்கை அவற்றுக்கிடையே நடைமுறையில் இருந்தால், தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை. சீனாவில் அது 2023 நவம்பர் 7 அன்றும் கனடாவில் 2024 ஜனவரி 11 அன்றும் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னும், முகவர் தந்த பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தூதரகச் சான்றொப்பத்துக்காகப் பல வாரங்கள் காத்திருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

பெயர் இதைவிடத் தொல்லையானது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 44 எழுத்திடங்கள். பெயரை இரண்டாகப் பிரிக்க இயலாதவருக்கு முழுப் பெயரையும் குடும்பப்பெயர் இடத்தில் பதிவதுதான் பன்னாட்டு விதி. இணையப் படிவமோ முதற்பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. அப்போது ஒருவர் அதே பெயரை இருமுறை எழுதுகிறார், ஒருவர் தந்தை பெயரைச் சேர்க்கிறார், ஒருவர் புள்ளி வைக்கிறார். அடுத்த புதுப்பிப்பில் அதே மனிதர் மூன்று பெயர்களில் மூன்று ஆளாகக் கிடக்கிறார். முன்பு எப்படி எழுதினோம் என்ற நகல் நம்மிடம் இருந்தால் மட்டுமே இதைத் தீர்க்க முடியும். முகவரை மாற்றியவர்கள் அந்த நகலைத் திரும்பக் கேட்டு வாங்குவதே இல்லை.

சுக்கான் எழுதியது:

தனித்தடம் அவர்களே, நீங்கள் சொன்னதை நான் யோசிக்காமல் விட்டது உண்மை. நேரமும் மொழியும் இல்லாதவருக்கு உதவி வேண்டும். ஆனால் அந்த உதவி படித்துச் சொல்வதாகவும் உடன் வருவதாகவும் இருக்கட்டும். கணக்கும் கடவுச்சொல்லும் நகல்களும் அவரிடமே இருக்கட்டும். பனைநிழல் அவர்கள் சொல்வதும் அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணைப்படி நீண்டகாலக் குடியிருப்புத் தகுதிக்கு ஐந்தாண்டு தொடர்ச்சியான வாசம் வேண்டும். அதற்குள் வெளியே இருந்த காலம் ஒரே தொடராக ஆறு மாதங்களை எட்டக் கூடாது, மொத்தமாகப் பத்து மாதங்களைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கை எந்த வழக்கறிஞரும் தாமாகப் போட முடியாது. நீங்கள் எந்த நாள் போனீர்கள், எந்த நாள் வந்தீர்கள் என்று உங்களைத்தான் கேட்பார். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் நாமே தேடி எடுத்து அவர் மேசையில் வைக்கிறோம். தட்டச்சு செய்வதற்காக மட்டுமே பணம் கொடுக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அலைகரை எழுதியது:

தட்டச்சு என்ற சொல்லை நான் கடுமையாக மறுக்கிறேன். ஒருவருடைய அனுமதி குறிப்பிட்ட நிறுவனத்தோடு பிணைந்திருக்கிறது. அவர் புதுப்பிப்புக்கு இரண்டு மாதம் முன்பு வேலை மாறியிருக்கிறார். அவர் செய்ய வேண்டியது புதுப்பிப்பா, வகை மாற்றமா, புதிய விண்ணப்பமா? வேலை மாறிய செய்தியை முன்பே அறிவித்திருக்க வேண்டுமா? ஜப்பானில் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறியிருந்தால் விளக்கக் கடிதத்தில் அதை எப்படிச் சொல்வது? எதையும் மறைக்காமல், அதே சமயம் தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொள்ளாமல் எழுத நூறு கோப்புகளைப் பார்த்த கண் வேண்டும். நாம் பணம் கொடுப்பது அந்தக் கண்ணுக்குத்தான்.

என் கேள்வி ஒன்றுதான். தம் கோப்பு தம்மால் கையாளக் கூடியதைத் தாண்டிவிட்டது என்பதை ஒருவர் எப்படி அறிவார்? எனக்கு அது தெரியாமல் போனதால்தான் நான்கு மாதங்கள் வெளியே இருந்தேன்.

சுக்கான் எழுதியது:

நேர்மையாகப் பதில் சொல்ல முயல்கிறேன். முன்பு ஒருமுறையாவது நிராகரிக்கப்பட்டிருந்தால், அனுமதியில்லாமல் ஒரு நாளாவது தங்கியிருந்தால், காவல்துறை வழக்கு ஏதேனும் இருந்தால், துணைவரைச் சார்ந்து பெற்ற குடியிருப்புத் தகுதி மணமுறிவால் ஆட்டம் கண்டிருந்தால், நீங்கள் சொன்னதுபோல் வேலை மாறியிருந்தால், நானே வழக்கறிஞரிடம் போவேன். போகும் முன் அவர் பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன். விண்ணப்பத்தில் என் மின்னஞ்சலும் இருக்க வேண்டும், சமர்ப்பித்த அன்றே முழு நகல் என் கைக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வேன். அதே வேலை, அதே வீடு, அதே குடும்பம் என்றால் நானே செய்வேன்.

தனித்தடம் எழுதியது:

அந்த இரண்டு நிபந்தனைகளையும் எங்கள் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்ட உங்கள் அனுமதி வேண்டும். முகவரிடம் போவதை எங்கள் ஆட்கள் நிறுத்தப் போவதில்லை. நகலைக் கேட்டு வாங்கலாம் என்பதே அவர்களில் பலருக்கு இதுவரை தெரியாது.

அலைகரை எழுதியது:

சுக்கான் அவர்களின் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது: முடிவு வராத நிலையில் எல்லை தாண்ட வேண்டிய அவசரம். அது முன்னறிவிப்பில்லாமல் வரும். எனவே விண்ணப்பம் போட்ட அன்றே, அவசரம் எதுவும் இல்லாதபோதே, பதிவு பெற்ற ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கட்டி, "நாளை காலை நான் புறப்பட வேண்டி வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை நீங்களே செய்யலாம் என்பதை உங்களுக்காக ஒப்புக்கொள்கிறேன். என் அடுத்த விண்ணப்பத்தை நான் வழக்கறிஞரிடமே கொடுத்திருக்கிறேன்.