ஏரியில் தூண்டில்: எந்தப் பருவத்துல எங்கே கடிச்சுது?

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். மூணு வருஷமா ஒரே கரை, ஒரே பாறை. முதல் நாளே அங்க பெரிய கெண்டை ஒண்ணு மாட்டினதால வந்த வினை. போன கோடையில தக்கை அசையவே இல்லை. மண்புழுவை மாத்தி மாவு உருண்டை, மாவை மாத்தி வெட்டுக்கிளி. தக்கையோட தவம் கலையல.

சலிச்சுப் போய் ஒரு நாள், ஏரித் தரையில கிடந்த தூண்டில் முள்ளைப் பாதி ஆழத்துக்கு ஏத்திக் கட்டினேன். போட்டுட்டுக் கையைக் கழுவறதுக்குள்ள தக்கை முங்கிடுச்சு! இரையில ஒரு குறையும் இல்லை, மீன் இல்லாத இடத்துல போட்டுட்டு இருந்திருக்கேன். ஆழமான ஏரியில வெயில் காலத்துல சூடான தண்ணி மேலயே நிக்கும், குளிர்ந்த கனமான தண்ணி அடியில தங்கிடும். ரெண்டும் லேசுல கலக்காது. அடியில மக்குற இலைதழை அங்க இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துடும். குளுகுளுன்னு இருக்குமேன்னு நாம அடியில போடறோம். மூச்சு முட்டற இடத்துல மீனுக்கு என்ன வேலை?

*

அண்ணா, மழைக்கு என் பங்கு. புதுத் தண்ணி ஏரிக்குள்ள நுழையற இடத்துல, கலங்கலும் தெளிவும் சேருற கோட்டுல போட்டா கெளுத்தி விடாது. (கழட்டும்போது துணி போட்டுப் பிடிங்க. அது முள் குத்தினா அன்னிக்குப் பொழுது போச்சு.)

ஆனா நான் சொல்ல வந்தது வேற. ஒரு வாரம் கொளுத்தின வெயிலுக்கு அப்புறம் ராத்திரி முழுக்கக் காத்தும் மழையும். விடியக்காலையில போனா ஏரி மேல எங்க பார்த்தாலும் மீன் வாய். அடிச்சுதுடா யோகம்னு ரெண்டு தூண்டிலையும் போட்டேன். மூக்குக்கு முன்னாடி புழு தொங்குது, ஒண்ணுகூடத் தொடல. அது பசி இல்லைன்னு மறுநாள் கரையில செத்து ஒதுங்கின கெண்டைகளைப் பார்த்துதான் புரிஞ்சுது. நீங்க சொன்ன அந்த அடித்தண்ணி புரண்டு மேல வந்திருக்கு. விடியல்லதான் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைச்சல், ராத்திரி பூரா பாசியும் சேர்ந்து மூச்சு விட்டிருக்குமே.

*

நான் இருக்கிற ஊர்ல ஏரி உறைஞ்சுடும். இங்க அண்ணன் கதைக்கு நேர் எதிர். தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்பக் கனம், அதனால குளிர்காலத்துல அடியிலதான் கொஞ்சமாவது கதகதப்பு. துளை போட்டுப் பாதி ஆழத்துல ஒரு மணி நேரம் ஆட்டிப் பார்த்துட்டு, கடைசியில தரைக்கு ஒரு சாண் மேல இறக்கினேன். பெர்ச் மீன் கடிச்சுது. கடின்னு சொல்லக்கூடாது, தூண்டில் நரம்பு லேசா சிலிர்த்துது, அவ்வளவுதான். தெளிவான ஐஸ் 10 சென்டிமீட்டராவது இல்லாம காலை வைக்காதீங்க. வெள்ளையா இருந்தா அதுவும் போதாது.

*

அப்படி ஒரு மழைக்குப் பிறகு கெண்டை சாகும், விரால் சாகாது. அது மேல வந்து காத்தைக் குடிக்கும். அப்படி வர்ற இடத்தைப் பார்த்துத்தான் நான் ரப்பர் தவளையை வீசுவேன்.

ஒரு தடவை செடி ஓரமா செக்கச்செவேல்னு ஒரு கொத்து கொதிச்சுக்கிட்டு நகர்ந்துது. விரால் குஞ்சுக. நடுவுல தவளையைப் போட்டேன், முதல் வீச்சுலயே தாக்கிடுச்சு. பசியில இல்லை, காவல்ல இருந்துது. கரையில இழுத்துப் போட்டுட்டுத் திரும்பினா, ஜிலேபிக் கெண்டைக கூட்டமா அந்தச் செவப்புக்குள்ள புகுந்துடுச்சு. விராலைத் திரும்ப விட்டேன், ஆனா அதுக்குள்ள கொத்து பாதியாயிடுச்சு. இப்பெல்லாம் தண்ணியில செவப்பா ஏதாவது நகர்ந்தா நரம்பைச் சுத்திக்கிட்டு அடுத்த கரைக்குப் போயிடறேன்.