மறு: மறு: ஊரே சரின்னாலும் தப்பு தப்புதானா – வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு சொல் வேணுமுங்க

கோபி, கல்லூரி ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. தத்துவப் பாடம் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கறன், வெள்ளிக்கெழமை அச்சுக்குப் போகோணும், மாரல் ரியலிசம்ங்கற எடத்துல வண்டி நின்னுபோச்சு. மனுசங்க என்ன நெனச்சாலும் நெனைக்காட்டியும் சில காரியம் தப்புதான், நாம ஒத்துக்கறதுனால அது தப்பாகலங்கற கொள்கை. எனக்கு முன்னால செஞ்சவங்க 'நீதி யதார்த்தவாதம்'னு போட்டிருக்காங்க. வகுப்புல அதச் சொன்னா பசங்க 'யதார்த்தமா நடந்துக்கறது', அதாவது ஊரோட ஒத்துப் போறதுன்னு எழுதறாங்க. அர்த்தம் நேர் தலைகீழுங்க.

பெருந்துறை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
அம்மிணி, அறம் இருக்கறப்ப நீதி எதுக்கு? 'அற உண்மைக் கொள்கை'ன்னு போடுங்க. உண்மைன்னா நிசம்னு மட்டும் இல்ல, உள் + மை, உள்ளதா இருக்கற தன்மை, இன்மைக்கு எதிர்ச்சொல். அறம் உள்ளதுன்னு சொல்றதுதான கொள்கையே, ரெண்டும் ஒரே சொல்லுல அடங்கிருது. புறநானூறு 34ல ஆலத்தூர் கிழார் 'செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்லென அறம் பாடின்றே'ன்னு சொல்றாரு. பாடுறது அறம். ராசாவ கேட்டுட்டா பாடுது?

திருப்பூர், மென்பொருள்:
ஐயா, அந்த எடத்துல அறம்னா அறநூல்னுதான உரை சொல்றாங்க, நூலுன்னா எவரோ எழுதுனதுதானுங்க. அதுபோக பட்டிமன்றத்துல 'உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்ம்மை'ன்னு கேட்டுக் கேட்டு உண்மைன்னாவே ஜனங்களுக்கு உள்ளம்தான் ஞாபகம் வருது. உள்ளம் வந்துருச்சுன்னா கொள்கை அங்கயே செத்துச்சு. என்ற ஓட்டு 'புறநிலை அறவாதம்'. யாருக்கும் பொழிப்புரை தேவப்படாது.

பெருந்துறை:
தொல்காப்பியத்துல புறநிலை வாழ்த்துன்னா கும்புடற சாமி பொறத்தால நின்னு காப்பாத்தறது. சாமிய உள்ள இழுத்துட்டு வராதீங்க தம்பி, 1903ல இங்கிலாந்துத் தத்துவக்காரரு மூர் எழுதுனப்ப நன்மைங்கறது வேற எதாவும் பிரிச்சுச் சொல்ல முடியாத ஒரு பண்புன்னாரே ஒழிய சாமியக் கூப்படல.

கரூர், ஏற்றுமதி அலுவலகம்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும். அறம்ங்கறதோட வேர் 'அறு', வரையறுத்தது அறம்னு ரொம்பப் பேர் சொல்றாங்க. வரையறுத்தான்னா அறுத்தவன் ஒருத்தன் இருக்கோணுமில்ல? அப்ப நம்ம சொல்லே இந்தக் கொள்கைக்கு ஆகாது. 'அறுதல்'னா தானா முடியறதும்தான், கயிறு அந்து போச்சுங்கறோம், யாரும் அறுக்கலன்னு வேணா நீங்க திருப்பிக் கேக்கலாம், அதுக்கும் என்கிட்ட பதில் இருக்குது, 'அறுதி'ங்கற சொல்லப் பாருங்க, 'அறுவை'ன்னா துணி, தறியில அறுத்தது…

கோபி:
அண்ணா, தறிய நோம்பிக்கு ஓட்டிக்கலாங்க. வெள்ளிக்கெழமை.

தாராபுரம், வழக்கறிஞர்:
சொல்லுக்கு முந்தி பொருளப் பாருங்க. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல பஸ் ஸ்டாப் டீக்கடைல கண்ணாடி டம்ளர் மேசமேல இருக்கும், தாழ்ந்த சாதின்னு ஒதுக்கி வெச்சவங்களுக்கு வெளிய தட்டில சொருகின கொட்டாங்குச்சி தனி. குடிச்சவங்களே கழுவி மறுபடி சொருகிட்டுப் போவாங்க. ஊரே அத சரின்னுச்சு. அன்னைக்கும் அது தப்புங்கறதுதான் இந்தக் கொள்கை.

கரூர்:
அது மனுசங்க மாறுனாங்கங்கறதத்தான் காட்டுதுங்க, ஒளிஞ்சு கெடந்த எதையோ கண்டுபுடிச்சாங்கன்னு காட்டல. 1977ல இந்தக் கொள்கைய மறுத்த தத்துவக்காரரு மாக்கி கேட்டது இதுதான், அப்படி ஒண்ணு உலகத்துல இருந்தா அது மத்த எந்தப் பொருளாட்டவும் இல்லாத விசித்திரமா இருக்கோணும், அத எந்தப் புலனால கண்டீங்கன்னு. சும்மா இல்ல, பொய்மையும் வாய்மை இடத்தன்னு வள்ளுவரே சொல்லிட்டாரு, அறம் எடத்துக்குத் தக்க மாறும்.

தாராபுரம்:
எடத்துக்குத் தக்க மாறறது வேற, நம்பிக்கைக்குத் தக்க மாறறது வேறங்க அண்ணா. 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்'ங்கறாரு, நன்மை வருதான்னுதான் பாக்கறாரு, நன்மைன்னு நீங்க நெனச்சா போதும்னு சொல்லல. அப்புறம் ஊரேன்னு நானே எழுதிட்டன், கொட்டாங்குச்சில குடிச்சவங்க ஊருல சேத்தி இல்லீங்களா? அவங்க தப்புன்னுதான நெனச்சிருப்பாங்க, அதனால தப்புன்னு நீங்க சொல்லுவீங்க. சரி, அவங்களும் தலையெழுத்துன்னு நம்பிட்டே இருந்திருந்தா? அப்பவும் தப்புதான. அந்த 'அப்பவும்'ங்கறதுக்குத்தான் நமக்கு சொல் வேணும்.

திருப்பூர்:
அக்கா, இதயே பாடத்துல போடுங்க, சொல் எதுவா இருந்தாலும் பசங்களுக்குப் புரிஞ்சிரும். 2020ல பில்பேப்பர்ஸ்ங்கற தத்துவ இணையதளத்துக்காரங்க தத்துவக்காரங்ககிட்ட எடுத்த கணக்குல 62 சதம் இந்தப் பக்கம்தான்.

கரூர்:
ஓட்டுப் போட்டுத் தீக்கற விசயமா இது? நம்பிக்கையச் சாராததுன்னு சொல்லிட்டு நம்பறவங்க தலைய எண்றீங்களே.

பெருந்துறை:
அப்ப 'அறமெய்ம்மைவாதம்'. உள்ளமும் வேண்டாம் புறநிலையும் வேண்டாம். சேத்தே எழுதோணும், மவ்வீறு ஒற்றழிஞ்சு, அதாவது அறம்ல கடைசி 'ம்' விழுந்து வர்றது, நன்னூல் சொன்ன விதி. நன்னூல் செஞ்ச பவணந்தி முனிவரே நம்ம சீனாபுரத்துக்காரரு.

கரூர்:
மைசூர்ப் பக்கம்னு சொல்றவங்களும் உண்டுங்கய்யா.

பெருந்துறை:
சொல்லட்டும். நாலு பேர் சொல்றதுனால ஊரு மாறாது. இப்ப நீங்களே ஒத்துக்கோங்க, சொல்றதுக்கும் இருக்கறதுக்கும் வித்தியாசம் உண்டான்னு.

கரூர்:
ஊருக்கு உண்டுங்கய்யா, கல்வெட்டு கெடச்சா தீந்துரும். கொட்டாங்குச்சிக்கு எந்தக் கல்வெட்டத் தேடுவீங்க? இன்னொண்ணு, 'மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்'னு தொல்காப்பியர் எழுத்தப் பத்திச் சொல்றாரு. உயிர் சேராம மெய் இயங்காது. உயிரே இல்லாட்டியும் நிக்கற கொள்கைக்கு மெய்னு பேர் வெக்கறீங்க.

தாராபுரம்:
இயங்காதுன்னுதான சொன்னாரு, இல்லைன்னா சொன்னாரு?

கோபி:
மூணு பேரு அறமெய்ம்மைக்கு, திருப்பூர்த் தம்பி புறநிலைய விட்டுக்குடுத்துட்டாருன்னு எடுத்துக்கறன், கரூர் அண்ணன் ஒப்பல. அறமெய்ம்மைவாதம்னு போட்டு அனுப்பறனுங்க, கூடவே கொட்டாங்குச்சியும் போகுது. அடுத்த பக்கத்துலயே மாக்கியோட எரர் தியரி, அறப் பேச்சு எல்லாமே பிழைங்கற கொள்கை வருது, 'பிழைக்கொள்கை'ன்னு போடட்டுங்களா?

திருப்பூர்:
பசங்க பொழப்புக் கொள்கைன்னு படிப்பாங்கக்கா.

கரூர்:
பிழைக்கு வேர் என்னன்னா…