கேம் கடை மெஷினும் வீட்டுக் கொம்பியூட்டரும்: எந்தத் தொகுப்பு எவ்வளவு நெருக்கம்?

பழைய டோக்கன், வெள்ளவத்தை

கேம் கடை மெஷினில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் கேம்களைக் கட்டாகச் சேர்த்து விற்கும் தொகுப்புகளை 90களின் நடுவிலிருந்து விளையாடி வருகிறேன். ஒரு காலத்தில் யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி சிடி தேடினோம், இப்போது இணையத்தில் காசு கட்டி இறக்குகிறோம். எல்லாத் தொகுப்பும் ‘அசல் அப்படியே’ என்றுதான் சொல்லும். அதை எப்படிச் சோதிப்பது என்பதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. படத்தைப் பார்க்காதீர்கள். கேம் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள்.

நான் முதலில் போடுவது பேக்-மேன், பேய்களிடம் பிடிபடாமல் பாதையிலுள்ள புள்ளிகளைத் தின்று முடிக்கும் கேம். 1980இல் நம்கோ வெளியிட்ட அந்த மெஷினுக்குள் ஓடியது சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் இசட்-80 சிப். பேய்கள் நினைத்தபடி அலைவதுபோலத் தெரியும், உண்மையில் எல்லாமே கணக்கு. நீலமாக மாறி ஓடும்போது மட்டும்தான் எழுந்தமானமாகத் திரும்பும், அதுவும் ஒரு சூத்திரம் தரும் எண்வரிசைப்படிதான். அந்த வரிசை ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும், உயிர் போய்த் திரும்ப வரும்போதும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நாம் அதே திருப்பங்களை அதே நேரத்தில் எடுத்தால் நான்கு பேய்களும் அதே வழியில்தான் வரும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பாதைகளை மனப்பாடம் செய்து ஆடியது இதனால்தான். முதல் கட்டமான செரிப்பழக் கட்டத்துக்கு எனக்கும் ஒரு பாதை பாடம். புதுத் தொகுப்பு வாங்கினால் அதைத்தான் ஓட்டிப் பார்ப்பேன்.

ஒரு தொகுப்பில் கோடுகள் கூர்மை, நிறங்கள் பளிச், சத்தமும் சுத்தம். ஆனால் பாதி வழிகூடப் போகவில்லை, இளஞ்சிவப்புப் பேய் வரக்கூடாத மூலையில் வந்து நின்றது. அந்தத் தொகுப்பை எழுதியவர்கள் மெஷினின் நிரலைத் தொடாமல், திரையைப் பார்த்துப் புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அசலில் பேக்-மேன் ஒரு புள்ளியைத் தின்னும்போது ஒரு ஃபிரேம், அதாவது திரை ஒருமுறை புதுப் படம் காட்டும் நேரம், நின்றுதான் நகரும், அதனால் புள்ளி நிறைந்த பாதையில் பேய் நெருங்கிவரும், தின்று முடித்த பாதையில் நாம் தப்பலாம். இளஞ்சிவப்புப் பேய் நமக்கு நான்கு சதுரம் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கும். நாம் மேல்நோக்கிப் போகும்போது மட்டும், நிரலில் உள்ள ஒரு பிழையால் நான்கு சதுரம் இடப்பக்கமும் விலகிப்போகும். திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதெல்லாம் கண்ணில் படாது. புதிதாக எழுதுகிறவர் அந்தப் பிழையை வைக்கமாட்டார். ஆனால் தேர்ந்த ஆட்டமே அந்தப் பிழையின் மேல்தான் நிற்கிறது. 256ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி குப்பை எழுத்துகளாக உடைந்துபோவதும் அப்படித்தான். கட்ட எண் ஒரே ஒரு பைட்டில் இருப்பதால் 255க்கு மேல் எண்ண முடியாமல் வருவது அது. ஒரு தொகுப்பில் அந்தக் கட்டம் ஒழுங்காக வந்தால் அது பேக்-மேன் இல்லை என்பேன்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் நல்ல உரைகல். டைட்டோ கம்பனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கியது. வரிசைக்கு 11 பேர், 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். இன்டெல் 8080 சிப்புக்கு 55 பேரையும் ஒரேயடியாக நகர்த்தச் சக்தி போதாது, ஃபிரேமுக்கு ஒருவராக நகர்த்தியது. 55 பேரும் உயிரோடு இருந்தால் ஒருவருடைய முறை திரும்பிவரக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். சுடச் சுட ஆட்கள் குறைவார்கள், முறை சீக்கிரம் வரும், கூட்டம் தானாகவே வேகமெடுக்கும். கடைசி ஆள் ஒவ்வொரு ஃபிரேமிலும் பாய்வான். யாரும் தனியாகத் திட்டமிட்டு வைத்த வேகம் அல்ல அது, சிப்பின் போதாமையிலிருந்து பிறந்தது. அசலில் வரிசை நகரும்போது காற்றில் துணி அலைவதுபோல ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு நெளிவு போகும். பல வீட்டுப் பதிப்புகளில் 55 பேரும் ஒரே சமயத்தில் தாவுவார்கள். அந்த நெளிவைக் கணக்குப் பண்ணி, ஆள் நகர்ந்து முடிந்த இடத்தில் குண்டைக் கொண்டுபோய் வைக்கும் ஆட்டம் அங்கே செல்லாது. இன்னொரு சோதனையும் சொல்கிறேன். மேலே போகும் பறக்கும் தட்டை உங்கள் 23ஆவது குண்டில் அடித்தால் 300 புள்ளி, அதன்பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டுக்கும் அதே 300. அது நடக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

தொகுப்புகளில் இரண்டு சாதி உண்டு. 1993இல் விண்டோஸுக்கு வந்த மைக்ரோசொஃப்ட் ஆர்கேட் புதிதாக எழுதப்பட்ட சாதி. ஆஸ்டிராய்ட்ஸ், டெம்பெஸ்ட், மிசைல் கமாண்ட் உட்பட அட்டாரி கம்பனியின் ஐந்து கேம்கள் அதில். அடுத்து வந்த டிஜிட்டல் எக்லிப்ஸ் கம்பனி ஆட்கள் வேறு வழியில் போனார்கள். டிஃபெண்டர், ஜவுஸ்ட், ரோபோட்ரொன் ஆகிய வில்லியம்ஸ் கம்பனி கேம்களுக்கு, மெஷினில் இருந்த 6809 சிப்பையே மென்பொருளாகச் செய்து, அசல் நிரலை அதன்மேல் ஓடவிட்டார்கள். அப்படிச் செய்தால் பிழைகளும் சேர்ந்தே வந்துவிடும். 1997இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம் திட்டம் இந்த வழியைத்தான் ஆயிரக்கணக்கான மெஷின்களுக்கு விரித்தது. இன்று கடைக்கு வரும் நல்ல தொகுப்பு எதுவும் இந்த இரண்டாம் சாதிதான்.

நீங்கள் விளையாடிய தொகுப்புகளில் எது அசலுக்குக் கிட்ட, எது தூர? ‘கிராஃபிக்ஸ் சூப்பர்’ என்று மட்டும் வேண்டாம், எந்த இடத்தில் பிடிபட்டது என்று எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்

அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எங்களுக்கு அசல் எது?

எங்கள் பக்கத்துக் கேம் கடையில் இருந்தது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டைக் கேம் மெஷின் ஒன்று. ரியூஷன் விட்டதும் நேரே அங்கேதான். 1996இல் நீண்ட மின்வெட்டு வந்தபோது கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டு ஓட்டினார், வோல்டேஜ் போதாமல் படம் நான்கு பக்கமும் சுருங்கி நிற்கும், அப்போதும் வரிசை குறையாது. அந்த மெஷினில் ரியூ குதித்தபடியே நெருப்புப் பந்து எறிவான். பந்து நேராகப் போகாது, மேலும் கீழும் வளைந்து எதிராளியைத் தேடிப் போகும். சண்டைக்கு நடுவில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் ஆளே மாறிவிடுவான். ரியூவாகக் குதித்து சாங்கீஃபாக இறங்கலாம்.

பல வருடம் கழித்து, அந்தக் கேமைச் செய்த கப்கொம் கம்பனியின் தொகுப்பை வாங்கிப் போட்டால் இதில் ஒன்றும் இல்லை. பந்து நேராகப் போகிறது, குதித்தால் எறியவே முடியவில்லை. தம்பிமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், நான் கதை விடுகிறேன் என்றார்கள். பிறகு தேடிப் பார்த்ததில்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் கடையில் இருந்தது ரெயின்போ என்ற பெயரில் தாய்வான் பக்கத்தில் யாரோ நிரலை மாற்றி எழுதிய போர்ட், அதாவது மெஷினுக்குள் இருக்கும் சர்க்கிட் பலகை. அது 1992இல் உலகம் முழுக்கப் பரவி, அதன் வேகத்தைப் பார்த்துத்தான் கப்கொம் அதே வருடக் கடைசியில் டர்போ பதிப்பை வெளியிட்டது.

கப்கொம் தன் தொகுப்பில் அந்தத் திருட்டுப் போர்ட்டை ஒருநாளும் போடாது, அது நியாயம். ஆனால் கொழும்பில் எங்களைப் போன்ற எத்தனையோ பெடியன்கள் ஆடியது அதைத்தான். சட்டப்படி அசலான தொகுப்பு எங்கள் கடைக்கு உண்மையாக இல்லை. மேமில் அந்த ரெயின்போ போர்ட் தனிப் பதிவாகவே இருக்கிறது, அதில்தான் எங்கள் மெஷினைத் திரும்பப் பார்த்தேன். வளைந்து போகும் அந்தப் பந்தைக் கண்டதும் கத்திவிட்டேன்.

தெஹிவளை அக்கா

கோட்டால் வரையும் கேம்களை யாரும் சொல்லவில்லை. லண்டனில் மாமா வீட்டில் நின்றபோது ஒரு கண்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த உண்மையான ஆஸ்டிராய்ட்ஸ் மெஷினைப் பார்த்தேன், 1979ஆம் ஆண்டு அட்டாரி செய்தது. தொகுப்பில் எவ்வளவோ ஆடியிருந்தும் அது வேறு கேம் மாதிரி இருந்தது. அந்தத் திரையில் படத்தை ஆக்கும் புள்ளி (பிக்சல்) வரிசையே கிடையாது. எலெக்ட்ரொன் கதிர் நேரடியாகக் கோடு இழுக்கிறது. நாம் சுடும் குண்டு இருக்கும் இடத்தில் கதிர் தரித்து நிற்பதால் அந்த ஒரு பொட்டு கண்ணைக் கூசும் அளவுக்கு எரியும். கறுப்பு உண்மையான கறுப்பு. எல்சிடி திரையில் அதே குண்டு ஒரு வெள்ளைச் சதுரம், கப்பலின் கோடு எவ்வளவு வெள்ளையோ குண்டும் அவ்வளவுதான். நிரல் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் இதைக் கொண்டுவர முடியாது. ஆகவே படத்தைப் பார்க்காதீர்கள் என்ற உங்கள் பேச்சை இந்த வகை கேமுக்கு நான் ஏற்கமாட்டேன்.

மருதானைச் சந்தி

எனக்குப் பிடிபட்டது மோர்டல் கொம்பட்டில். 1992ஆம் ஆண்டு மெஷின் விநாடிக்கு 60 தடவை படம் காட்டவில்லை, 54.7 தடவைதான். நம் மொனிட்டர் 60. தொகுப்பு செய்கிறவருக்கு இரண்டே வழி. 60க்கு ஏற்றினால் கேம் கிட்டத்தட்ட பத்து வீதம் வேகமாக ஓடும், அபர்கட் குத்தை விடும் நேரம் கைவராது. வேகத்தைச் சரியாக வைத்தால் சில ஃபிரேம்கள் இரண்டு முறை காட்டப்பட்டு, படம் ஓடும்போது மெல்லிய தடக்கல் வரும். ஆர்-டைப் கேமும் 55க்குக் கிட்டத்தான், அதிலும் இதே பிரச்சினை. கேமுக்கு ஏற்றபடி விநாடிக்குக் காட்டும் தடவையை மாற்றும் புது மொனிட்டர் ஒன்று வாங்கிய பிறகுதான் இரண்டும் நிம்மதியாக ஓடின.

அப்புறம், டிவியில் போட்டு ஆடுகிறவர்கள் தயவுசெய்து கேம் மோடைப் போட்டுவிட்டுத் தொகுப்பைக் குறை சொல்லுங்கள். பாதி முறைப்பாடு டிவி படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரத்தால் வருவது.

பழைய டோக்கன், வெள்ளவத்தை

தெஹிவளை அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கோட்டுத் திரை கேம்களில் வெளிச்சமே நடத்தையின் ஒரு பகுதி, குண்டு எங்கே என்று கண் பிடிப்பது அந்தப் பளிச்சிடலை வைத்துத்தான். படத்தின் பக்கம் நான் கட்டாயம் பார்க்கும் இன்னொன்று அகலம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உள்ளே 384க்கு 224 திரைப்புள்ளி. அதைப் பழைய மெஷின் 4:3 திரையில் காட்டியது, ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூட. தொகுப்பில் ‘புள்ளி சுத்தம்’ என்ற தெரிவைப் போட்டால் புள்ளி சதுரமாகி எல்லோரும் பருத்துப் போவார்கள், சுமோ வீரன் ஹொண்டாவுக்குச் சொல்லவே தேவையில்லை. 4:3 தெரிவைப் போடுங்கள்.

கைப்பிடியைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு ஆச்சரியம். ரோபோட்ரொனுக்கு இரண்டு ஜொய்ஸ்டிக், ஒன்று நடக்க, ஒன்று சுட. கீபோர்டில் சாய்வாக நடந்து சாய்வாகச் சுட நான்கு கீயை ஒன்றாக அமுக்க வேண்டும். மலிவான கீபோர்ட் மூன்றாவது கீயிலேயே வாய்மூடிவிடும். நிரல் எவ்வளவு அசலாக இருந்தாலும் ஆள் செத்துப்போவான். இரண்டு ஸ்டிக் உள்ள கேம்பேட் வந்த பிறகுதான் அந்தத் தொகுப்பின் அருமை தெரிந்தது. மிசைல் கமாண்டுக்கு எதிர்மாறு, உருட்டும் பந்துக்கு மௌஸ் மிக நல்ல பதிலாள். டெம்பெஸ்டின் சுழல் குமிழுக்கு வீட்டில் பதிலாளே இல்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு: நீ கேட்டதுதான் இதில் பெரிய கேள்வி. கம்பனி தொகுப்பு கம்பனியின் மெஷினுக்கு உண்மை. நம் ஊர்க் கடைகளில் ஓடியதற்கு யார் உண்மையாக இருப்பது? மாற்றி எழுதிய போர்ட்களில் பல வகை உண்டு, எல்லாமே பதிவாகியிருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பழைய கேம் கடைக்காரர் யாரையாவது தெரிந்தவர்கள், ஸ்டோர் மூலையில் போர்ட் கிடக்கிறதா என்று கேளுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய இரும்போடு எடைக்குப் போவதற்கு முன்னால் கேளுங்கள். கிடைத்தால் உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம். நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உள்ள சிப்கள் இருக்கும், நிரல் இருப்பது அவற்றில்தான். ஒட்டியிருந்த தாள் உரிந்து போயிருந்தால் வெளிச்சம் படப்பட எழுதியது அழியும், ஆகவே ஒளி புகாத டேப்பை அதன்மேல் ஒட்டுங்கள். போர்டில் பட்டரி இருந்தால் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள். சிப்பைப் படிக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, கொழும்புக்குள் எங்கே என்றாலும் நானே வருகிறேன்.