ரோஜாத் தைலத்தை வலிக்கு மருந்தென்று விற்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
எங்கள் ஊர்க் குடும்பஸ்ரீ மகளிர் சுயஉதவிக் குழுவினர், கடையில் வாங்கிய ரோஜாத் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து, மாதவிடாய் வலிக்கும் தூக்கமின்மைக்கும் ஏற்றது என்று சீட்டு ஒட்டி விற்கலாம் என எண்ணியிருக்கிறோம். யுனானி வைத்தியர்கள் ரோஜா எண்ணெயைத் தலைவலிக்குப் பல நூற்றாண்டுகளாகத் தந்து வருகிறார்கள். ஈரானில் மாணவியரின் வயிற்றில் ரோஜாத் தைலம் தேய்த்துப் பார்த்த ஆய்விலும் வலி குறைந்திருக்கிறது. மாதந்தோறும் மாத்திரை விழுங்கும் பெண்களுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்றே நம்புகிறேன். குழுவில் சிலர் தயங்குவதால் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

மறையூர்ப் புல்தைலம்:
அக்கா, நாங்கள் தலைமுறையாகப் புல்தைலம் காய்ச்சுகிறவர்கள் என்பதால் என் ஐயம் சரக்கின் மேல்தான் முதலில் எழுகிறது. ஒரு கிலோ ரோஜாத் தைலம் வடிக்க 3,000 முதல் 4,000 கிலோ வரை இதழ் தேவைப்படுகிறது. பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கிலும் துருக்கியின் இஸ்பார்த்தாவிலும் வெயில் ஏறுமுன் பூப் பறித்து அன்றே வாலையில் (தைலம் வடிக்கும் கலத்தில்) ஏற்றுகிறார்கள். அப்படியிருக்க, 10 மில்லி புட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால் அது அந்தத் தைலமாக இருக்க வழியே இல்லை. பாமரோசாப் புல், ஜெரேனியம் ஆகியவற்றின் தைலத்தையோ, ஆலையில் செய்த ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்ற மணப்பொருள்களையோ கலந்து அதே வாசனையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ரோஜா மணத்துக்குப் பெரிதும் காரணமான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் நீரில் கரைவதால், வடிக்கும்போது அதில் பெரும்பகுதி பன்னீரோடு போய்விடும். வடித்த தைலம் என்று சொல்லும் புட்டியில் அது மிகுந்திருந்தால் நான் வாங்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுனானியார் தலைக்குத் தேய்க்கச் சொல்லும் ரோகன் குல், இதழ்களை நல்லெண்ணெயில் ஊறவைத்து எடுப்பது. வாலையில் வடித்த தைலத்துக்கு அதன் பழமையைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. நிலக்கோட்டைப் பன்னீர் ரோஜாவை வாங்கி அவ்வாறு ஊறவைத்து, அதை அதன் பெயராலேயே விற்றால் நானே முதலில் வாங்குவேன்.

குமுளிச் செவிலி:
அந்த ஈரான் ஆய்வில் முதல் மாதவிடாயின்போது ரோஜாத் தைலம் தேய்த்த குழுவுக்கும் மற்ற குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை என்பதையும், இரண்டாவது மாதத்தில்தான் பயன் காணப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அக்கா. மேலும், ரோஜா மணத்தை முகர்கிறவருக்குத் தமக்குக் கிடைத்தது எது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. எதிர்பார்ப்பே பாதி வலியைக் குறைத்துவிடக் கூடும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
மணத்தை விலக்கிவிட்டே செய்த ஆய்வும் இருக்கிறதே! 2009இல் வெளியான தாய்லாந்து ஆய்வில், வாசனை எட்டாதவாறு முகக்கவசம் அணிவித்துத் தோலில் தைலம் தடவினார்கள். அப்போதும் மூச்சின் வேகமும் மேல் இரத்த அழுத்தமும் குறைந்தன, மனமும் அமைதியடைந்ததாக அவர்கள் கூறினார்கள். இதையும் எதிர்பார்ப்பு என்று தள்ளிவிடுவீர்களா?

குமுளிச் செவிலி:
தள்ளவில்லை, ரோஜாத் தைலத்தின் பக்கம் நான் மதிக்கும் சான்றே அதுதான். ஆயினும் அதில் பங்கேற்றவர்கள் நோயற்றவர்கள். சிறிது நேரம் மனம் தணிந்ததைத்தான் அது காட்டுகிறதே தவிர, தூக்கமின்மை தீரும் என்றோ வலி நிற்கும் என்றோ காட்டவில்லை. கடும் வலிக்குப் பின்னால் கருப்பை உள்வரிச் சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். உங்கள் சீட்டை நம்பி ஒரு பெண் மருத்துவரிடம் போவதை ஓராண்டு தள்ளிப்போட்டால் அந்தப் பொறுப்பு யாருடையது? இத்தைலத்தில் சிறிதளவு உள்ள மெத்தில் யூஜினாலை, மனிதரில் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2ஏ பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் சேர்த்திருக்கிறது. நீர்த்துத் தடவும் அளவுக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இயற்கையானதுதானே என்று யாரும் உள்ளுக்குச் சாப்பிட்டுவிடக் கூடாது. ஜெரானியால் ஒவ்வாமல் தோல் தடிப்பவர்களும் உண்டு.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
சரி, சீட்டில் நோய்ப் பெயர் எதையும் எழுதாமல் உடம்பு பிடித்துவிட உதவும் மண எண்ணெய் என்று மட்டும் போடச் சொல்கிறேன். பயன் கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதன் மேல் உள்ள நம்பிக்கை குறையவில்லை.

குமுளிச் செவிலி:
ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், மாதவிடாய்க் கோளாற்றைச் சரிசெய்வதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கிறது. சீட்டும் உறையும் மட்டுமல்ல, வாயால் அறிவிப்பதும் அச்சட்டத்தின்படி விளம்பரமே, அக்கா.