"நாலு எபிசோடு பொறுத்துக்கோ"ன்னு சொல்றதெல்லாம் ரெகமண்டேஷனா?

அரைத்தூக்கம்:
போன வாரம் நல்ல சீரீஸ் ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டேன், ஆளாளுக்கு வந்து தி வயர் தி வயர்னீங்க, அந்த அமெரிக்க போலீஸ்-போதை கேங் சீரீஸ்தான், சரின்னு உக்காந்தேன். மூணு எபிசோடு முடிஞ்சுது. யாரு யாருக்கு மேலதிகாரி, எவன் எந்த கேங்னு இன்னும் பிடிபடல, எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க. அந்த ஆரஞ்சு சோஃபால வச்சு செஸ் சொல்லிக்குடுக்குற சீன் மட்டும் நல்லாருந்துச்சு. போரடிக்குதுப்பான்னு சொன்னா "நாலு எபிசோடு வரைக்கும் பொறுத்துக்கோ"ங்குறீங்க. ஒரு எபிசோடு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்யா. நல்லா இருக்குற ஒண்ண பாக்க எதுக்கு பொறுத்துக்கணும்?

இடைவேளை:
அப்பாடா, ஒருத்தராவது வாய தொறந்தீங்களே. இதத்தான் நான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன், எல்லாரும் அடிக்க வர்றாங்க. 12 ஆங்ரி மென் 1957ல வந்த படம், மொத்தமே 96 நிமிஷம், முக்காவாசி ஒரே ரூம். ஒரு கொலை கேஸ்ல தீர்ப்பு சொல்ல உக்காந்த ஜூரி பன்னண்டு பேருல ஒருத்தன் பேரும் நமக்கு தெரியாது, கடைசில படிக்கட்டுல ரெண்டு பேர் மட்டும் பேர சொல்லிக்குவாங்க, ஆனா இருவதாவது நிமிஷத்துலயே யார் எப்படிப்பட்ட ஆளுன்னு மனசுல பதிஞ்சிடும். அங்க யாரும் உங்கள பொறுத்துக்கோன்னு கெஞ்சல. சீரீஸ்காரங்க முதல் நாலு மணி நேரத்த வீணடிச்சா அதுக்கு பேரு "ஸ்லோ பர்ன்", படத்துல அதையே செஞ்சா மொக்க. என்ன நியாயம் இது

கோட்டான்:
வீணடிக்கிறதுன்னு யார் சொன்னா? தி வயர் எழுதுன டேவிட் சைமன் கதை நடக்குற பால்டிமோர் நகரத்துலயே பேப்பர் ரிப்போர்ட்டரா இருந்தவரு, கூட எழுதுன எட் பர்ன்ஸ் அதே ஊர்ல டிடெக்டிவா இருந்துட்டு அப்புறம் ஸ்கூல் வாத்தியாரா போனவரு. அவங்களுக்கு தெரிஞ்ச ஊர அவங்க பாஷையிலயே காட்டுறாங்க, உங்களுக்காக நிறுத்தி விளக்க மாட்டாங்க. முதல் எபிசோடு கடைசில செத்துக் கிடக்குறவன் யாருன்னு ஞாபகப்படுத்த ஒரு குட்டி பிளாஷ்பேக் வருமே, அது கூட சேனல் கேட்டு வச்சது, அதுக்கப்புறம் அந்த மாதிரி கைப்பிடிச்சு கூட்டிட்டுப் போற வேலையே கிடையாது. புது ஆபீஸ்ல சேந்த முதல் வாரம் எல்லார் பேரும் உடனே தெரிஞ்சிடுமா? அந்த மாதிரிதான்.

இடைவேளை:
ஆபீஸ்ல சம்பளம் குடுப்பாங்க ப்ரோ

ரிமோட் ராணி:
ஹாஹா செம்ம. @அரைத்தூக்கம் சண்டைய விடுங்க, சின்னதா வேணும்னா செர்னோபில் பாருங்க, 2019, அஞ்சே எபிசோடு, முதல் எபிசோடுலயே உலை வெடிச்சிடும். நம்ம பாஷைல வேணும்னா விலங்கு, 2022, ஏழு எபிசோடு. ரெண்டையும் பொறுத்துக்கவே வேணாம்

சப்டைட்டில் சாமி:
ரெண்டு பேரும் ரெண்டு வேற விஷயத்த ஒரே பேர்ல பேசுறீங்கன்னு தோணுது. "பொறுத்துக்கோ"ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, எடுக்குறவனுக்கே அது என்னன்னு இன்னும் தெரியாத வகை. அமெரிக்க தி ஆபீஸ் முதல் சீசன், 2005ல ஆறு எபிசோடு, பைலட், அதாவது முதல் எபிசோடு, கிட்டத்தட்ட பிரிட்டிஷ் ஆபீஸோட ஜெராக்ஸ், அதுல மேனேஜரா வர்ற மைக்கேல் ஸ்காட்ட பாத்தாலே எரிச்சலா வரும். ரெண்டாவது சீசன்லதான் அந்தாள கொஞ்சம் மனுஷனா மாத்துனாங்க, அப்புறம் மொத்தம் ஒம்போது சீசன் ஓடுச்சு. அதுக்கெல்லாம் பொறுத்துக்கோன்னு சொல்றத விட நேரா ரெண்டாவது சீசன்ல ஆரம்பின்னு சொல்லிடலாம், ஒரு நஷ்டமும் இல்ல. இன்னொரு வகை தி வயர் மாதிரி, முதல்ல விதைக்கிறது பின்னாடி முளைக்கும். இதுல தாண்டிக் குதிச்சா மொத்தமும் போச்சு.

இடைவேளை:
சாமி சொல்றது கேக்க அழகா இருக்கு, ஆனா மூணாவது எபிசோடுல கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருக்குறவனுக்கு இது முதல் வகையா ரெண்டாவது வகையான்னு எப்படி தெரியும்? முழுசா பாத்து முடிச்சவனுக்குத்தான் தெரியும். அவன் 60 மணி நேரம் போட்டுட்டான், இனிமே அது நல்லா இல்லன்னு அவன் வாயில வருமா? லாஸ்ட் சீரீஸுக்கும் இப்படித்தான் சொன்னாங்க, விடை வரும் விடை வரும்னு ஆறு சீசன் உக்கார வச்சாங்க. கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசன் ஆறு எபிசோடு பத்தி நான் பேசவே விரும்பல. படம்னா முடிவு எழுதிட்டுத்தான் கேமராவ தூக்குவான். சீரீஸ்ல அடுத்த வருஷம் என்னன்னு எழுதுறவனுக்கே தெரியாது.

கோட்டான்:
தெரியாம எழுதுறதுல என்ன தப்பு? பிரேக்கிங் பேட்ல ஜெஸ்ஸிய முதல் சீசன்லயே கொல்றதாத்தான் ஐடியா இருந்துச்சு, ஜெஸ்ஸியா நடிச்ச ஆரன் பால் நடிப்ப பாத்துட்டு அத கைவிட்டோம்னு அந்த சீரீஸ உருவாக்குன வின்ஸ் கில்லிகனே சொல்லியிருக்காரு. ஜெஸ்ஸி இல்லாத பிரேக்கிங் பேட நெனச்சுப் பாருங்க. முடிவ முன்னாடியே எழுதி வச்சிருந்தா அந்த கேரக்டரே நமக்கு கிடைச்சிருக்காது. ஒரு நடிகன் வளந்து வர்றத பாத்து கதைய திருப்புற வசதி படத்துக்கு கிடையாது.

இடைவேளை:
நல்ல உதாரணம் குடுத்தீங்க, நன்றி. பிரேக்கிங் பேட் முதல் சீன் என்ன? ஜட்டியோட ஒருத்தன் முகத்துல மாஸ்க்க மாட்டிக்கிட்டு பாலைவனத்துல வண்டிய பறக்க விடுறான். முதல் நிமிஷம்! 62 எபிசோடு மெதுவா கட்டுன கதைதான் அதுவும், ஆனா என்ன யாரும் பொறுத்துக்கோன்னு சொல்லல. அப்ப ரெண்டும் சேந்தே முடியும்ல? முடியாதவன்தான் பாக்குறவன் மேல பழி போடுறான்.

கோட்டான்:
இது நியாயமான பாயிண்ட், ஒத்துக்குறேன். ஆனா எல்லா கதையும் ஜட்டியோட ஓட முடியாது.

சப்டைட்டில் சாமி:
படம் பெருசா சீரீஸ் பெருசான்னு போறவங்களுக்கு ஒண்ணு. ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மன் ஃபேன்னி அண்ட் அலெக்சாண்டர ரெண்டு விதமா குடுத்தாரு, டிவிக்கு 312 நிமிஷம், தியேட்டருக்கு 188. நான் ரெண்டும் பாத்தேன். சின்னதுல கதை அப்படியேதான் இருக்கு, ஆனா அந்த வீட்ல நாமளும் இருந்தோம்ங்குற நெனப்பு பெருசுலதான் வந்துச்சு. வெட்டுன ரெண்டு மணி நேரத்துல "முக்கியமானது" எதுவும் இல்லன்னு ஒருத்தர் சொன்னா என்னால மறுக்க முடியாது, ஆனாலும் அது இல்லாம எனக்கு வேணாம். இத இதுக்கு மேல விளக்கத் தெரியல.

ரிமோட் ராணி:
சாமி எப்பவுமே அஞ்சு மணி நேரத்துக்கு கம்மியா எதையும் சொல்ல மாட்டாரு

கோட்டான்:
@அரைத்தூக்கம் ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க சரியா மூணாவதுல நிறுத்திட்டீங்க. நாலாவதுல அந்த டிடெக்டிவ் ரெண்டு பேரு, பங்க்கும் மெக்நல்டியும், ஒரு பழைய கொலை நடந்த வீட்டு கிச்சன்ல வந்து அளந்து பாக்குற சீன் ஒண்ணு வரும், அஞ்சு நிமிஷம் போல, ஒரே ஒரு கெட்ட வார்த்தைய மட்டும் வெவ்வேற ராகத்துல சொல்லிக்கிட்டே கேச உடைப்பாங்க. விளக்கம் ஒரு வரி கிடையாது, கண்ண வச்சு நீங்களே கண்டுபிடிக்கணும். அத பாத்துட்டும் பிடிக்கலன்னா நிறுத்திடுங்க, இனிமே வற்புறுத்த மாட்டேன்.

இடைவேளை:
அவ்ளோ நல்ல சீன்னா அத முதல் எபிசோடுல வைக்க வேண்டியதுதானே

கோட்டான்:
முதல்ல வச்சா ரெண்டு பேரு கெட்ட வார்த்தை பேசுறாங்க, அவ்ளோதான் தெரியும். இந்த ரெண்டு பேரும் யாரு, வேலைல எவ்ளோ கெட்டிக்காரனுங்க, வெளிய எவ்ளோ கேவலமா இருப்பானுங்கன்னு மூணு எபிசோடு பாத்தவனுக்குத்தான் அங்க சிரிப்பு வரும்.

அரைத்தூக்கம்:
நேத்து ராத்திரி பாத்துட்டேன். கிச்சன் சீன ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டாவது தடவதான் அந்த ஜன்னல் கண்ணாடி விஷயம் புரிஞ்சுது. நல்லாருக்கு, பொய் சொல்லல. ஆனா ரெண்டாவது எபிசோடு இப்பவும் எனக்கு போர்தான், அத யாரும் மாத்தி சொல்ல வைக்க முடியாது. அஞ்சாவது ஓடிட்டு இருக்கு. ஓமர்னு ஒருத்தன் வர்றானே, அவன பத்தி மட்டும் யாரும் வாய தொறக்காதீங்க.

இடைவேளை:
ஓமரா? அவன் வந்து

கோட்டான்:
டேய்