ஒரே மாடு, ஒரே வாரம், செல் கவுண்ட் மட்டும் ஏன் இப்படி மாறுது?

பண்ணைக்காரன்:
வணக்கங்க, எச்எப் (ஹோல்ஸ்டீன்) கிராஸ் மாடு, மூணாவது ஈத்து. மடி வீக்கம் இல்ல, பாலும் திரியல. சோமாட்டிக் செல் (மடிநோய் வந்தா பால்ல கூடற வெள்ளை அணு மாதிரி உடம்பு செல்லு) பாக்கக் குடுத்தா மொத தடவ மில்லிக்கு 5 லட்சத்துக்கு மேல, அதே வாரத்துல திரும்பக் குடுத்தா ஒன்றரை லட்சம். மொதல்ல குடுத்தது கறந்து முடிக்கறப்ப கடைசியா வந்த பால், ரெண்டாவத ராத்திரி ப்ரீசர்ல வச்சு காலைல பஸ்ல குடுத்து விட்டோம். எத நம்பறது, மடிநோய்க்கு ஊசி போட்றலாமா?

லேப்_தம்பி:
ரெண்டையுமே நம்பாதீங்கண்ணா. கடைசிப் பால்ல செல் எப்பவும் கூடுதலாத்தான் இருக்கும், அதனால மொத நம்பர் ஏறியிருக்கலாம். ப்ரீசர் விஷயந்தான் பெரிசு, உறைஞ்சா செல் உடைஞ்சிரும், மெஷின் என்ன பண்ணும்னா செல்லோட டிஎன்ஏல சாயம் ஏத்தி ஒளிர்றத ஒண்ணொண்ணா எண்ணும், உடைஞ்சு போனத செல்லுன்னு எடுத்துக்காது, அப்ப கவுண்ட் குறைஞ்சுதானே வரும். ப்ரிட்ஜ்ல 4 டிகிரி கிட்ட வைங்க, ஐஸ் பாக்ஸ்ல அனுப்புங்க, நாள் ஆகும்னா லேப்லயே ப்ரோனோபால் (பால் கெடாம வைக்கற மருந்து) மாத்திரை போட்ட பாட்டில் கேளுங்க. இன்னொண்ணு, பால் நின்னா ஆடையோட செல்லும் மேல ஏறிடும், அதனால லேப்ல எண்றதுக்கு முன்னாடி 40 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி பாட்டில மெதுவா கவுத்துக் கவுத்துக் கலக்கணும். இத செய்யறாங்களான்னு தைரியமா கேளுங்க, காசு குடுக்கறது நீங்க.

கால்நடை_மருத்துவர்:
நம்பர மட்டும் பாத்து ஊசி வேண்டாங்க. நாலு காம்புப் பாலையும் கலந்து பாத்தா நோய் தெரியாமப் போயிரும். ஒரு காம்புல 10 லட்சம், மத்த மூணுல ஒவ்வொரு லட்சம்னு வைங்க, நாலும் ஒரே அளவு கறந்தா கலந்த பால்ல மூணேகால் லட்சந்தான் வரும். தொழுவத்துலயே சிஎம்டி (பால்ல சோப்பு மாதிரி மருந்து கலந்து கெட்டியாகுதான்னு பாக்கற டெஸ்ட்) போட்டு எந்தக் காம்புன்னு கண்டுபிடிங்க. பொதுவா 2 லட்சத்துக்குக் கீழ இருந்தா பரவால்ல. கன்னு போட்டு ஒரு வாரம் ஆகலன்னா இந்த டெஸ்டே வேண்டாம், சீம்பால்ல செல் இயல்பாவே அதிகம். கிருமி வளத்துப் பாக்கணும்னா ப்ரோனோபால் போடாம தனியா சுத்தமான பாட்டில்ல எடுங்க, அந்த மருந்து கிருமியையும் கொன்னுரும். அந்த சாம்பிள ப்ரீசர்ல வச்சாலும் சரி, செல் கவுண்ட்டுக்குத்தான் ஆகாது.

பண்ணைக்காரன்:
நன்றிங்க டாக்டர். மொத்தமாக் கறந்து வாளியிலயே கலக்கி எடுத்தாப் போதுமா?

லேப்_தம்பி:
முழு மாட்டுக்குப் பாக்க அது போதும்ணா. காம்பு வாரியா எடுத்தா மொத ரெண்டு மூணு பீச்ச கீழ விட்டுட்டுப் புடிங்க, எந்தக் காம்பு, காலையா சாயங்காலமான்னு பாட்டில்லயே எழுதிருங்க. அடுத்த தடவையும் அதே நேரத்துல எடுங்க, கறவை இடைவெளி மாறினாலும் கவுண்ட் மாறும்.